பின்னால் போகும் பொத்தான்

ட்ரோண்ட்ஹெய்ம்
16 ஜனவரி 2011

அன்புள்ள ஓட்வார் அண்ணாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படியிருக்கிறது, விறகு போதுமா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். போனில் கேட்டால் மூச்சை உள்ளே இழுத்தபடி மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘ம்’ சொல்வாய். யோருன் அண்ணி இருந்தவரை உனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அவர் போய் நான்கு மாதமாகிவிட்டது. இந்த நான்கு மாதத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்தது பத்துப் பன்னிரண்டு ‘ம்’தான். கடிதம் என்று உட்கார்ந்தால் நீ பேசுவாய், அது எனக்குத் தெரியும். ஆகவே இனிமேல் கடிதம்.

இத்துடன் ஒரு போன் இருக்கிறது. அதில் எங்கள் அலுவலகம் செய்துகொண்டிருக்கும் செயலி. மலைக்குக் கிளம்பும்போது எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய், யாருக்குத் தகவல் போகவேண்டும் என்பதை அதில் எழுத வேண்டும். திரும்பியதும் ‘வந்துவிட்டேன்’ என்ற பக்கத்தைத் திறந்து அழுத்தினால், நீ நிற்கும் இடத்தை அதுவே கண்டுபிடித்து, நீ சொன்ன ஆளுக்கு ‘வந்து சேர்ந்தார்’ என்று செய்தி அனுப்பிவிடும். குறித்த நேரம் தாண்டியும் நீ அழுத்தவில்லை என்றால் ‘இன்னும் வந்து சேரவில்லை’ என்று போகும். அந்த ஆள் மீட்புக் குழுவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். யாருடைய எண்ணைக் கொடுத்தாய் என்பது எங்களுக்குக்கூடத் தெரியாது, பூட்டித்தான் வைத்திருக்கிறோம்.

இருபது பேர் இதைச் சோதிக்கிறார்கள். நீ தினமும் தனியாக மேலே போகிறவன், உன்னைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டான். ஈஸ்டருக்கு நாட்டில் பாதிப் பேர் ஆரஞ்சும் சாக்லேட்டும் கட்டிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். அதற்குள், குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால், இது வெளியே வரவேண்டும். முழுப் பொறுப்பும் முதல் தடவையாக என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சொதப்பினால் நான்தான் சொதப்பினேன் என்றாகும்.

பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
டோர்டிஸ்

*

30 ஜனவரி 2011

அன்புத் தங்கை டோர்டிஸுக்கு,

உன் கடிதமும் போனும் கிடைத்தன. முழங்கால் இறங்கும்போது மட்டும் முனகுகிறது, ஏறும்போது பேசாமல் வருகிறது. விறகு மே மாதம் வரை வரும். சாப்பாடு, மீன் உருண்டையும் உருளைக்கிழங்கும். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன், மார்க் போட்டுக்கொள்.

பாதைக்குக் குச்சி நடும் வேலை தொடங்கிவிட்டது. இங்கிருந்து மேலே கால்ட்பு விடுதி வரை, பத்து மீட்டருக்கு ஒன்றாக பிர்ச் மரக் கிளைகளைப் பனியில் நட்டுக்கொண்டே போகவேண்டும். மேகம் இறங்கிவிட்டால் ஈஸ்டர் கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வீடு சேரும். ஒரு குச்சியிலிருந்து அடுத்த குச்சி தெரியவேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

உன் செயலியை முதல் நாளிலிருந்தே உபயோகிக்கிறேன். தகவல் போகவேண்டிய ஆள் என்ற இடத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டேன். கிளம்பும்போது ஒழுங்காக நடந்துகொள்கிறது. மூன்றாம் நாள் கீழே வந்து ‘வந்துவிட்டேன்’ அழுத்தினேன். வட்டமாக ஒன்று சுற்றியது, சுற்றியது, பிறகு மொத்தமும் அப்படியே மூடிக்கொண்டது. அதன் பிறகும் இரண்டு முறை அப்படி ஆனது. உனக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

வெளியே மைனஸ் பதினெட்டு. குல்லாய் போட்டுக்கொண்டு போ.

அண்ணன்,
ஓட்வார்

*

ட்ரோண்ட்ஹெய்ம்
8 பிப்ரவரி 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

குல்லாய் போட்டிருக்கிறேன். நீ இரண்டு பக்கம் எழுதியதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதில் கால்வாசி பிர்ச் குச்சி என்றாலும் பரவாயில்லை.

செயலி இப்படி விழுவதற்கு கிராஷ் என்று பெயர். அதைப் பற்றிச் சொல்கிறேன், கேள். ‘வந்துவிட்டேன்’ பக்கம் திறந்ததும், இடத்தைக் கண்டுபிடிக்கும் பகுதியிடம் தன் முகவரியைக் கொடுத்து, ‘கண்டுபிடித்ததும் என்னைக் கூப்பிடு’ என்று சொல்லிவைக்கிறது. அது வானத்துச் செயற்கைக்கோள்களைத் தேடிப்பிடித்து, இடம் தெரிந்ததும் கூப்பிடும். செய்தி அனுப்புவது அதற்குப் பிறகு. உன் போனிலிருந்து வந்த அறிக்கைகளைப் பார்த்தால், அது கூப்பிட்டிருக்கிறது. ஆனால் அந்த முகவரியில் பக்கம் இல்லை. நினைவகத்திலிருந்து ஏற்கெனவே அழிந்துபோயிருக்கிறது. ஆளில்லாத இடத்தைக் கூப்பிட்டதும் மொத்தமும் விழுந்துவிடுகிறது. செய்தியும் போவதில்லை.

பக்கம் ஏன் முன்னதாகவே போனது என்பதுதான் புரியவில்லை. என் மேஜையில் நூறு தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன், விழமாட்டேன் என்கிறது. பக்கத்து மேஜை சிண்ட்ரெ எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தாளு பின்னால போற பொத்தான அழுத்தியிருப்பாரு. பக்கம் மூடினா செத்துரும்ல? கேட்டுப் பாரு”, என்றான். “எங்கண்ணன் பொறுமைசாலி. பாதி வழியில பின்னால போற ஆளில்ல”, என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன். விழுவதற்கு முன்னால் எதையாவது அழுத்தினாயா? நன்றாக யோசித்துச் சொல். இந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருக்கிறது.

உன் முழங்காலுக்கு என் விசாரிப்புகள்,
டோர்டிஸ்

*

20 பிப்ரவரி 2011

அன்பு டோர்டிஸுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எதையும் அழுத்தவில்லை.

இந்த வாரம் நல்ல பனி. எழுநூறு குச்சி நட்டாயிற்று. அதில் நாற்பதை மான் கூட்டம் மிதித்துவிட்டது, மறுபடியும் நடவேண்டும். ஜன்னலில் அண்ணியின் ஜெரேனியம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, நான் தண்ணீர் ஊற்ற மறந்துபோயும்.

ஓட்வார்

*

ட்ரோண்ட்ஹெய்ம்
6 மார்ச் 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாயிரு. போன கடிதத்தில் ஏன் இவ்வளவு சிக்கனம்? மை உறைந்துவிட்டதா?

நீ எதையும் அழுத்தவில்லை என்றதால் பின்னால் போகும் பொத்தானை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் இரண்டு வாரமாகக் கிண்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு வேலை செய்தேன். பக்கம் எதனாலோ முன்னதாகப் போய்விடுகிறது, சரி, அதைப் போகவிடாமல் கெட்டியாகப் பிடித்துவைத்தால் என்ன? பிடித்துவைத்தேன். கிராஷ் நின்றது. சிண்ட்ரெக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன். மறுநாள் பார்த்தால் போன் ஆமை மாதிரி நகர்கிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு புதிய பக்கம் வருகிறது, பழையது போவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் முப்பது நாற்பது பக்கம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் இடமில்லாமல் போனே செயலியை வெளியே தள்ளிவிட்டது.

“போகவேண்டியத போகவிடாம புடிச்சு வச்சா, இருக்கறதுக்கு எங்க எடம்?” என்றான் சிண்ட்ரெ. காப்பியைக் குடித்துவிட்டுத்தான் சொன்னான்.

அதனால் மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டேன். சோதிக்கும் உங்கள் இருபது பேர் கையிலும் இருப்பது இன்னும் பழைய பதிப்புதான். இன்னொன்று: மற்ற பத்தொன்பது பேருக்கும் சேர்த்து இரண்டே தடவைதான் விழுந்திருக்கிறது. உனக்கு மட்டும் பதினேழு. என்ன கைராசி உனக்கு! பதினேழு தடவையும் ‘இன்னும் வந்து சேரவில்லை’ என்று ஒருவருக்குச் செய்தி போயிருக்கும். பாவம், அவர் பயந்துபோயிருக்க மாட்டாரா? ஒரு தடவைகூட அவர் மீட்புக் குழுவைக் கூப்பிடவில்லையே. அவ்வளவு அழுத்தக்காரரா?

குருத்தோலை ஞாயிறுக்கு ஆறு வாரம் இருக்கிறது. தினமும் விடியும் முன்பே எழுந்து நாட்களை எண்ணுகிறேன்.

டோர்டிஸ்

*

ட்ரோண்ட்ஹெய்ம்
20 மார்ச் 2011

அண்ணா,

இரண்டு வாரமாகிறது. பதில் இல்லை. நேற்று போன் செய்தேன், எடுத்து ‘ம்’ என்றாய், ‘வேலை இருக்கிறது’ என்று வைத்துவிட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே? என் மேல் கோபமா? நான் ஏதாவது தவறாக எழுதியிருந்தால் மன்னித்துவிடு. என்ன எழுதினேன் என்றுதான் தெரியவில்லை.

டோர்டிஸ்

*

27 மார்ச் 2011

அன்புத் தங்கைக்கு,

உன் மேல் எனக்கு என்ன கோபம். நீ எதையும் தவறாக எழுதவில்லை. உடம்பு பரவாயில்லை, இடது கால் பெருவிரல் மட்டும் கருத்துப் போயிருக்கிறது. குளிர் கடித்துவிட்டது, தப்பிவிடும் என்று மருத்துவர் சொல்கிறார். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அதற்குள் கிழித்துப் போட்டுவிடாதே.

போன வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மீட்புக் குழுவிலிருந்து கூப்பிட்டார்கள். உன் செயலியைச் சோதிக்கும் இரண்டு பெண்கள் கால்ட்புவிலிருந்து நான்கு மணிக்குக் கீழே வந்திருக்க வேண்டும், வரவில்லை. நகரத்தில் ஒருத்தியின் கணவருக்குச் செய்தி போயிருக்கிறது. அவர் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார், எடுக்கவில்லை. மேலே பனிப்புயல். நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். மூன்று மணி நேரம் நான் நட்ட குச்சிகளைப் பிடித்துக்கொண்டே தேடினோம். எங்களோடு வந்த கோரெ ஓட்டிய பனி ஸ்கூட்டர் ஒரு சரிவில் கவிழ்ந்து, அவன் மணிக்கட்டு உடைந்தது.

அவர்கள் மூன்றரைக்கே மறுபக்கச் சரிவு வழியாகக் கீழே இறங்கி, புயல் அடங்கட்டும் என்று சாலையோர உணவகத்தில் உட்கார்ந்து வாஃபிள் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். போன், ஆணியில் மாட்டிய கோட்டின் பைக்குள். உணவகக்காரர் தகவல் சொல்லி நாங்கள் போய் நின்றதும் இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

“நாங்க வந்ததுமே அழுத்திட்டோமே! சுத்திக்கிட்டே இருந்துச்சு, போயிருக்கும்னு பின்னால போற பொத்தான அழுத்தினோம், மூடிருச்சு. அவ்ளோதான்னு நெனச்சோம்”, என்றாள் ஒருத்தி.

கோரெ கையைத் துண்டால் கட்டித் தொங்கவிட்டபடி, “பரவால்லம்மா. ஒரு மணிக்கட்டுக்கு ரெண்டு வாஃபிளாவது குடுங்க”, என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டோர்டிஸ், பின்னால் போகும் பொத்தானை நானும் அழுத்தினேன். முதல் தடவை பொறுமையில்லாமல் அழுத்தினேன். இரண்டு மலைக்கும் நடுவே நம் வீடு இருக்கும் இடத்தில் அது இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. உன் மேஜையில் நொடியில் வந்துவிடும், அதனால்தான் உனக்கு விழவில்லை. அதற்குப் பிறகு பதினாறு தடவையும் வேண்டுமென்றே அழுத்தினேன். ‘எதையும் அழுத்தவில்லை’ என்று உனக்கு எழுதியது பொய்.

ஏன் என்று கேட்பாய். நான் கொடுத்த எண் யோருனுடையது.

அவள் போன் சமையலறை ஜன்னலில், ஜெரேனியத்துக்குப் பக்கத்தில், சார்ஜில்தான் இருக்கிறது. அந்த எண்ணின் இணைப்பை நான் ரத்துசெய்யவில்லை. ஜனவரியில் நீ எண் கேட்டபோது எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண் அதுதான், விரல் தானாக எழுதிவிட்டது. அன்று அந்தச் செயலி விழுந்ததும் வீட்டுக்குள் போனேன். குறித்த நேரம் தாண்டியிருந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, அவள் போன் வெளிச்சமாக இருந்தது. ‘ஓட்வார் இன்னும் வந்து சேரவில்லை.’ படித்தேன். “வந்துட்டேன்”, என்று வாய்விட்டுச் சொன்னேன்.

உனக்குத்தான் தெரியுமே, அவள் அந்த ஜன்னலில்தான் நிற்பாள். “மணி என்னன்னு பாத்தியா? உருளக்கெழங்கு கஞ்சியா போச்சு!” என்பாள். நானும் ‘வந்துட்டேன்ல’ என்பேன். இருபத்தாறு வருஷம் அதைத்தான் பேசினோம்.

பொத்தானையே தொடாமல் இருந்திருந்தாலும் அந்தச் செய்தி வந்திருக்கும். ஆனால் வந்துவிட்டு வரவில்லை என்று ஏமாற்றுவது சரியில்லை என்று தோன்றியது. அதனால் ஒழுங்காக ‘வந்துவிட்டேன்’ அழுத்துவேன். பிறகு பின்னால் போவேன். போன் தானாக விழுந்தால் நான் என்ன செய்ய? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயசு.

நீ அங்கே நாட்களை எண்ணிக்கொண்டிருப்பது தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் நீ சரிசெய்துவிடுவாய், அப்புறம் அந்தச் செய்தி வராது. கோரெயின் மணிக்கட்டு என்னால் உடைந்தது. அவனிடம் நேற்று போய்ச் சொல்லிவிட்டேன். “அதுக்கு நீ என் விறகு எல்லாத்தையும் பிளந்து குடு”, என்றான். பிளந்துகொண்டிருக்கிறேன்.

உன்னிடம்தான் எப்படி முகம் காட்டுவது என்று தெரியவில்லை.

ஓட்வார்

*

ட்ரோண்ட்ஹெய்ம்
31 மார்ச் 2011

அண்ணா,

கால் விரலைப் பார்த்துக்கொள்.

முதல் நாள் உன் மேல் எரிச்சலான எரிச்சல். ஐந்து வாரம்! அலுவலகத்தில் கூட்டம் போட்டு என்னை வறுத்தெடுத்தார்கள். ஒரு மனிதர் கை உடைந்தது, பனியில் ஐந்து பேர் சாகப் பார்த்தீர்கள். நீ ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மூச்சு முட்டும், அதனால் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் உன் கடிதத்தை மறுபடியும் படித்தேன். அண்ணியின் போன் அந்த ஜன்னலில் இருப்பது எனக்குத் தெரியாது. நான் கிறிஸ்துமஸுக்குக்கூட அங்கே வரவில்லை. வேலை என்றேன். ‘ம்’ என்றாய், நானும் விட்டுவிட்டேன். அதை நினைத்து நேற்று ட்ராமில் உட்கார்ந்து அழுதேன். எதிரே இருந்த அம்மாள் கைக்குட்டை கொடுத்தார்.

கிராஷ் சரியாகிவிட்டது. ஒரே ஒரு வரி, அண்ணா. பக்கம் மூடிப் போகிற நேரத்தில், இடம் தேடும் பகுதியிடம் ‘நான் கிளம்புகிறேன், இனி என்னைக் கூப்பிடாதே’ என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். அந்த வரியை எழுத மறந்தது நான்தான். அதையும் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். இன்னொரு மாற்றமும் செய்தேன். பக்கம் போனாலும் செய்தி நிற்காது. செயலி திறந்திருக்கும்வரை இருக்கிற வேறொரு பகுதியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டேன். இப்போது நீ பின்னால் போனாலும் ‘வந்து சேர்ந்தார்’ என்று செய்தி போய்விடும்.

அதாவது, நீ பயந்தது நடந்துவிட்டது. உன் போனுக்குப் புதிய பதிப்பு இன்று வரும். உன்னைத் தவிர யாராலும் இதைச் சரியாகச் சோதிக்க முடியாது. செய்வாயா என்று உன்னைத்தான் கேட்கிறேன். யாருடைய எண்ணைக் கொடுப்பது என்பது உன் இஷ்டம்.

கோபமும் பாசமுமாக,
டோர்டிஸ்

*

10 ஏப்ரல் 2011

அன்புத் தங்கை டோர்டிஸுக்கு,

விரல் பிழைத்துவிட்டது, நகம் மட்டும் போய்விட்டது. கோரெயின் விறகு முடிந்தது. உன் கடிதத்தின் முதல் பாதி எனக்கு வேண்டியதுதான்.

நாற்பது தடவை சோதித்தேன். திறந்து உடனே பின்னால் போனேன், பாதியில் போனேன், கைபேசியைப் பாறைக்கு அடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒரு தடவைகூட விழவில்லை. தாளில் நேரம் போட்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ தைரியமாக வெளியே விடலாம்.

எண்ணை மாற்றாமல்தான் சோதித்தேன். கடைசித் தடவை முடித்துவிட்டு உள்ளே போனேன். அவள் போனில் நாற்பது செய்தி. எல்லாம் ஒரே வரி. ‘ஓட்வார் வந்து சேர்ந்தார். ஓட்வார் வந்து சேர்ந்தார்.’ அவளிடம் அதை யாராவது சொல்லிவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது போல. உட்கார்ந்து நாற்பதையும் படித்தேன். பிறகு போனை அணைத்து, அவளுடைய பின்னல் கூடையில் ஊசிகளோடு வைத்தேன். மறுநாள் காலையில் ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன், மறக்காமல்.

குச்சி நட்டு முடித்தாயிற்று. ஈஸ்டர் முழுக்க தினமும் மேலே போய் விழுந்ததைச் சரிசெய்யவேண்டும். செயலியில் இப்போது உன் எண் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன். உனக்கு வேலை நிறைய என்று தெரியும். செய்தி வந்தால் நீ ஒன்றும் செய்யவேண்டாம், பார்த்தால் போதும்.

அண்ணன்,
ஓட்வார்

*

ட்ரோண்ட்ஹெய்ம்
25 ஏப்ரல் 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உன் சுகம் எனக்கு இப்போது தினமும் தெரிகிறது.

செயலி வெளியே வந்து பத்து நாள். ஈஸ்டர் முடிந்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் பேர் போய் வந்திருக்கிறார்கள், பொய்த் தகவல் ஒன்றுகூட இல்லை. சிண்ட்ரெ காப்பி வாங்கிக் கொடுத்தான், இந்தத் தடவை மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லவேண்டும். நான்கு மணி என்று குறித்திருந்தாய். நான்கு அடித்தது, ‘இன்னும் வந்து சேரவில்லை’ என்று வந்தது. பார்த்தால் போதும் என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. பார்த்தேன். நான்கு பத்துக்கு அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. என் காலில் ஒரு பூட்ஸ் ஏறிவிட்டது, இன்னொன்றையும் கார்ச் சாவியையும் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேர வழி, வந்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. நான்கு பதினான்குக்கு வந்தது: ‘ஓட்வார் வந்து சேர்ந்தார்.’

ஒற்றைப் பூட்ஸோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். “மணி என்னன்னு பாத்தியா?” என்று போனைப் பார்த்துக் கத்தினேன். மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டார்.

உருளைக்கிழங்கு கஞ்சியாகப் போய்விட்டது, அண்ணா. இன்று நீ எத்தனை மணிக்கு வருவாய் என்று சரியாகக் குறி. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டோர்டிஸ்